உறவினர் துணையோடு குடும்ப வரலாறு சேகரித்தல்: காவிரி டெல்டா குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்களில் பலர் எல்லா வேலையையும் ஒரே ஆளாகச் செய்ய முயல்கிறார்கள். அல்லது முதல் நாளே வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, தெரிந்தவர்கள் தெரிந்ததைப் போடுங்கள் என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதல் வழியில் தாத்தாவுக்கு அப்பால் போக முடிவதில்லை. இரண்டாவது வழியில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மூன்று பெயர்கள் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்று தவறாக இருக்கிறது.

உறவினர்களின் உதவி பயன்பட வேண்டுமானால், யாரிடம் எது இருக்கிறதோ அவரிடம் அதை மட்டும், உரிய வரிசையில் கேட்க வேண்டும். கீழே உள்ள வரிசை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

1. யாரையும் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று, பென்சில், குரல் பதிவு செய்யக்கூடிய கைப்பேசி ஆகிய மூன்றும் போதும். நோட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். முதலில் மரம் வரைய வேண்டாம். மரம் என்பது கடைசியில் வரைய வேண்டியது. முதலிலேயே வரைந்தால், காலியாக நிற்கும் கிளைகளை நிரப்பும் ஆசையில் ஊகங்கள் உள்ளே வந்துவிடும்.

எண் கட்டாயம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அண்ணன் தம்பி நால்வரும் தத்தம் மூத்த மகனுக்குத் தங்கள் தந்தையின் பெயரையே வைத்திருப்பார்கள். ஆகவே ஒரே தலைமுறையில் நான்கு கோவிந்தசாமிகள் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அக்காள் மகளை மணப்பதும் வழக்கமாக இருந்ததால், ஒரே பெண் ஒரே பெரியவருக்குப் பேத்தியாகவும் மருமகளாகவும் வருவார். எண் இல்லாவிட்டால் அவர் இரண்டு ஆட்களாகிவிடுவார்.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் மூன்று செய்திகளுக்கு இடம் விடுங்கள்: சொன்னவர் யார், சொன்ன நாள் எது, அவர் நேரில் கண்டதா அல்லது கேள்விப்பட்டதா. பின்னால் இரண்டு தகவல்கள் முரண்படும்போது எதை நம்புவது என்பதை இந்த ஓரக் குறிப்பு ஒன்றே தீர்மானிக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

அதன் பிறகு, உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் உங்களிடமிருந்து மேல்நோக்கி எழுதுங்கள். சோழர் படையில் இருந்த மூதாதையரிலிருந்து கீழ்நோக்கி எழுதத் தொடங்கிய எவரும் இன்றுவரை தம் கொள்ளுத்தாத்தாவை வந்தடைந்ததில்லை.

2. யாரிடம் என்ன இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுதல்

உறவினர்களின் பட்டியல் ஒன்றை வயது வரிசையில் எழுதுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களை முதலில் பார்க்க வேண்டும். காகிதம் அடுத்த ஆண்டும் பரணில் இருக்கும், நினைவுக்கு அந்த உறுதி கிடையாது.

பெரும்பாலோர் குடும்பத்தின் மூத்த ஆணிடம் நேராகப் போகிறார்கள். அவருக்கு நிலமும் வழக்கும் பங்காளிகளும் தெரியும். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், பிறந்து இறந்த குழந்தைகள், மூத்த தாரம் இளைய தாரம், யாருக்கு யார் பிரசவம் பார்த்தார் என்பதெல்லாம் அத்தைமார்களுக்கும் பெரியம்மாக்களுக்கும்தான் தெரியும். குறிப்பாக, வேறு ஊருக்குத் திருமணமாகிப் போன அத்தைகளை விட்டுவிடக் கூடாது. பிறந்த வீடு அவர்களுக்கு அவர்கள் புறப்பட்ட நாளில் இருந்தபடியே நினைவில் இருக்கிறது. ஊரிலேயே இருந்தவர்களுக்கோ பிந்திய செய்திகள் முந்தியவற்றின் மேல் படிந்துவிட்டன.

ஊரில் இருப்பவர்களுக்கு அலுவலக வேலை, சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்குத் தட்டச்சும் இணையத் தேடலும், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கும் வேலை என்று பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு வேலைதான். மூன்று வேலைகளை ஏற்றுக்கொண்ட உறவினர் மூன்றையும் செய்ய மாட்டார்.

3. பெரியவர்களைப் பார்க்கப் போகும் காலமும் துணையும்

நடவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் போகாதீர்கள். சம்பா அறுவடை தை, மாசியில் நடப்பதால், அது முடிந்த பங்குனி, சித்திரையில் பெரியவர்களுக்கு ஓய்வு இருக்கும். பகல் உணவுக்கு முந்தைய நேரமே நல்லது. மாலையில் களைப்பும் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்துவிடும்.

போகும்போது அந்த வீட்டுக்கு வேண்டிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். காரணம் வெளிப்படையானது. சொத்துப் பிரிவினையில் மனக்கசப்பு ஏற்படாத குடும்பம் டெல்டாவில் குறைவு. நீண்ட நாள் வராதவர் திடீரென்று வந்து கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் நிலத்தையும் விசாரித்தால், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். முதல் சந்திப்பில் பத்திரம், பட்டா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறீர்கள், எழுதியதை யாருக்குக் காட்டுவீர்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

4. கேட்கும் முறை

பழைய புகைப்படம் ஒன்றோடு தொடங்குங்கள். "உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்ற பதில் வரும், அத்தோடு முடியும். "இந்தப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் யார், அவர் எந்த ஊரில் கட்டிக்கொண்டார்?" என்று கேட்டால் ஒரு கிளையே வரும்.

வயதான பெண்கள் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயரை வைத்த பேரனைக்கூடப் பெரியவனே, ராசா என்றுதான் கூப்பிடுவார்கள். வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நாத்தனாரைக் கேளுங்கள், அல்லது "எந்தப் பேரனுக்கு அவர் பெயரை வைத்தீர்கள்?" என்று கேளுங்கள், கையால் காட்டிவிடுவார்கள். இதை அறியாமல், அப்பாயிக்குப் பெயர் மறந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உறவுமுறைச் சொல்லை அப்படியே எழுதுவது அடுத்த பெரிய தவறு. மாமா என்று சொன்னால் அவர் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா என்பது சொன்னவருக்குத்தான் தெரியும். சித்தப்பா என்பவர் அப்பாவுடன் பிறந்தவராகவும் இருக்கலாம், பங்காளி வழியில் மூன்று தலைமுறை தள்ளியவராகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் "அவருடைய அப்பா யார், அம்மா யார், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், இவர் எத்தனையாவது?" என்று பெற்றோர் வழியாக உறுதி செய்துகொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

இறந்த குழந்தைகளையும் கேட்க வேண்டும், மென்மையாக. உயிருடன் இருந்த பிள்ளைகளை மட்டும் எண்ணினால் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே பத்து ஆண்டு இடைவெளி ஏன் என்பது புரியாமல் போகும், பிறந்த ஆண்டுக் கணக்கும் தவறும்.

பெயரோடு வீட்டின் அடையாளத்தையும் எழுதுங்கள்: மேலத்தெரு வீடு, குளத்தங்கரை வீடு, இன்னார் வகையறா என்பன போன்றவை. தஞ்சைப் பகுதிக் கள்ளர் குடும்பங்களில் பட்டப்பெயர் ஒன்றானவர்கள் பொதுவாகப் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஒரு திருமணம் அந்த விதிக்கு மாறாக உங்கள் நோட்டில் இருந்தால், அநேகமாக நீங்கள் ஒருவரைத் தவறான வீட்டில் சேர்த்திருக்கிறீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். அன்றிரவே பதிவைக் கேட்டு எழுதி, சந்தேகங்களோடு மறுமுறை போங்கள். விட்ட பெயர்கள் பெரும்பாலும் இரண்டாவது முறைதான் வருகின்றன. இடையில் பெரியவர் அதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

5. ஆண்டைக் கண்டுபிடித்தல்

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்கக் கூடாது. நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். டெல்டாவில் இதற்குப் புயலும் வெள்ளமும் மகாமகமும் உதவும். காவிரியில் பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலையில். மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934இல். நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல்களில் 1952 நவம்பர் இறுதியில் வந்ததும் 1977 நவம்பரில் வந்ததும் எல்லோர் நினைவிலும் உள்ளவை. கும்பகோணம் மகாமகம் 1956, 1968, 1980, 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. புதுக் காசு வந்தது 1957 ஏப்ரலில், அண்ணா இறந்தது 1969 பிப்ரவரியில், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பரில்.

இவற்றில் ஒரு குழப்பத்தை எதிர்பார்த்துப் போக வேண்டும். 1952 புயலையும், 1955 டிசம்பர் தொடக்கத்தில் ராஜாமடம் பக்கம் கரையைக் கடந்த புயலையும் பலர் ஒன்றாக்கிப் பேசுவார்கள். "புயலுக்கு அடுத்த மாசியிலேயே மகாமகம் வந்ததா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அது 1955 புயல். அப்போது கைக்குழந்தை யார், யார் வயிற்றில் இருந்தார், எந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று கேட்டால், ஒரே நிகழ்ச்சியிலிருந்து நான்கைந்து பேரின் பிறந்த ஆண்டு நெருங்கிவரும்.

ஜாதக நோட்டோ ஓலையோ இருந்தால் அதில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ஆனந்த வருடம் என்றால் 1914–15ஆக இருக்கலாம், 1974–75ஆகவும் இருக்கலாம்; சுபானு என்றால் 1883–84, 1943–44, 2003–04 ஆகிய மூன்றில் ஒன்று. எந்தச் சுற்று என்பதைத் தலைமுறைக் கணக்கு காட்டிவிடும். இன்னொரு வழுக்கல் இங்கே உண்டு: தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், ஆனந்த வருடம் மாசி மாதம் பிறந்தவர் 1915இல் பிறந்தவர், 1914இல் அல்ல.

இறந்த நாளுக்கு, ஆண்டுதோறும் திதி கொடுப்பவரைக் கேளுங்கள். மாதமும் பட்சமும் திதியும் அவருக்குத் தெரியும். தோராயமான ஆண்டு கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு தேதியை நெருங்கிவிடலாம். தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் தந்தை வழியில் மூன்று தலைமுறைப் பெயர்கள் மனப்பாடமாகவே இருக்கும், பெண்களின் பெயர்கள் உட்பட.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் வயதாகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலத்தில், தேதியை வாத்தியாரே போட்டிருப்பார். ஒரு வீட்டில் எல்லாரும் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருந்தால் காரணம் இதுதான்.

6. வீட்டில் உள்ள காகிதங்கள்

பெரியவர்கள் பேசிப் பழகிய பிறகுதான் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். இங்கே முதலிடம் மொய் நோட்டுக்கு. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் ஒவ்வொன்றுக்கும் வந்தவர்களின் பெயர், ஊர், தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை, பெயரைத் தவறாக எழுதுவதும் இல்லை. தொடர்பு விட்டுப்போன கிளைகள் எந்த ஊரில் இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறு இல்லை என்பது என் கருத்து. தாய்மாமன் சீர் யார் செய்தார் என்ற வரியிலிருந்து தாய்வழியும் பிடிபடும்.

திருமண அழைப்பிதழில் மணமக்களின் பெற்றோர், பாட்டனார், ஊர் எல்லாம் இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள். வட்டாட்சியர் வழங்கிய பழைய வாரிசுச் சான்றிதழ் கிடைத்தால் அது பொக்கிஷம்: மனைவி, மகன்களோடு மகள்களின் பெயரும் வயதும் அதில் இருக்கின்றன.

எதையும் வீட்டை விட்டு எடுத்துச் செல்லக் கூடாது. திண்ணையில், பகல் வெளிச்சத்தில் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புகைப்படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையும் ஊரும் இருக்கும். சட்டம் போட்ட படத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முகமே உரிந்துவிடும்.

வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஓலையில் குடும்பப் பெயர்கள் வந்தன என்று யாராவது தாளை நீட்டினால், வாங்கி மரியாதையாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஏற்ற வேண்டாம்.

7. பத்திரமும் பட்டாவும்

ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொண்டால் நல்லது. முதலில் வேண்டியது சர்வே எண். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றையும் வில்லங்கச் சான்றையும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம், ஆனால் அங்கே ஆளின் பெயரை வைத்துத் தேடுவது எளிதல்ல. 1980களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலப் பதிவேட்டுச் சீரமைப்பில் உட்பிரிவுகளும் எண்களும் பல இடங்களில் மாறியிருப்பதால், பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் ஆண்டும் இருக்கும். அதைப் பிடித்து மூலப் பத்திரம்வரை பின்னோக்கிப் போகலாம்; இணையத்தில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து நகல் பெற வேண்டும். இன்ன ஊரில் இருக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார் என்று பழைய பத்திரங்கள் எழுதுவதால், ஒரு பத்திரம் இரண்டு தலைமுறையையும் ஊரையும் தொழிலையும் உறுதி செய்யும். பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் மேலானது. மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகத் தாய் கையெழுத்திட்டிருந்தால், வேறெங்கும் கிடைக்காத அந்தப் பெண்ணின் பெயர் அங்கே கிடைக்கும்.

ஆனால் பத்திரத்தில் இல்லாத பிள்ளை பிறக்கவே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு மகன்களைப் போன்ற பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய பிரிவினைகளில் மகள்கள் பெரும்பாலும் இல்லை. இரண்டாவது படியில் அத்தைகளை விட்டுவிடக் கூடாது என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது. பிறகு திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. பழைய காகிதத்தில் மாயவரம் அல்லது மாயூரம் என்று இருக்கும். பாபநாசம் தஞ்சையிலும் உண்டு, திருநெல்வேலிப் பக்கமும் உண்டு. ஆலங்குடி திருவாரூரிலும் உண்டு, புதுக்கோட்டையிலும் உண்டு. தாலுகாவின் பெயர் இல்லாமல் ஊர்ப் பெயரை எழுதினால் அடுத்து தேடுபவர் வேறு மாவட்டத்துக்குப் போய் நிற்பார்.

சொந்த நிலம் இல்லாத குடும்பங்களுக்குக் காகிதமே இருக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. குத்தகைதாரர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்பட்ட குத்தகை உரிமைப் பதிவேடு இருக்கிறது. கோயில், மடத்து நிலத்தைப் பயிரிட்டவர்கள் வீட்டில் குத்தகை ரசீதுகள் இருக்கும். விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின்படி கிடைத்த மனைப் பட்டாவே பல வேளைகளில் முதல் ஆவணம். அதில் உள்ள பெயரிலிருந்து மேலே போகத் தொடங்கலாம்.

8. ஊரில் கேட்க வேண்டிய மற்ற இடங்கள்

குலதெய்வக் கோயிலில் வரி கட்டும் பங்காளிகளின் பட்டியல் நிர்வாகிகளிடமோ பூசாரியிடமோ இருக்கும். படையல் நாளன்று போனால் கிளை கிளையாக ஆட்களையே பார்க்கலாம்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் குடும்பங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உள்ளன. லுத்தரன் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல் என்பதால் அந்தப் பகுதியில் மிகப் பழைய காலம்வரை தேட இடமுண்டு. காரைக்காலில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே இருந்தது. பிரெஞ்சு தெரிந்த உறவினர் ஒருவரை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடங்களுக்கு உள்ளூரில் அறிந்த உறவினரே போக வேண்டும். தேடும் பெயர், தந்தை பெயர், ஐந்தாண்டு வரம்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் பதிவேட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.

9. கடல் கடந்த கிளைகள்

பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று போன கிளை ஒன்று அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எப்போது போனார் என்று கேட்பதைவிட எந்தக் கப்பலில் போனார் என்று கேளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து போன ரஜூலாவா, பிறகு வந்த எம்.வி. சிதம்பரமா என்பது காலத்தைப் பிரித்துவிடும். ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் என்றால் 1942. அறுபதுகளில் வந்தவர்கள் என்றால் கடைகளும் சொத்துகளும் தேசியமயமானதற்குப் பின். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி வந்த குடும்பங்களிடம் தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை இருக்கலாம்.

அங்கேயே தங்கிவிட்ட கிளையினருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர்களிடம் பழைய கடிதங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவர் முகவரி எழுதிய உறையையும் சேர்த்து. படிக்கும் வேலை நம்முடையது.

10. ஒப்பிட்டு, திரும்பக் காட்டுதல்

இப்போது மரத்தை வரையலாம். இரண்டு வழிகளில் உறுதியானவற்றை மையிலும், ஒருவர் மட்டும் சொன்னவற்றைப் பென்சிலிலும் எழுதுங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம், இறந்து மூன்றாண்டுக்குப் பின் பிள்ளை பிறந்திருக்கிறது என்பன போன்ற முரண்கள் இந்தக் கட்டத்தில் தாமாகவே தெரியும். அப்படித் தெரிந்தால், ஒரே பெயர் கொண்ட இருவர் ஒருவராகிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

வரைந்ததைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சொன்னவர்களிடமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கைப்பேசியில் காட்டினால் பெரியவர்கள் தலையை ஆட்டிவிடுவார்கள்; தாளில் காட்டினால் விரலை வைத்துத் திருத்துவார்கள். அவர்கள் திருத்தியதைப் பழையதை அழிக்காமல் பக்கத்தில் எழுதி, திருத்தியவர் பெயரையும் தேதியையும் போடுங்கள். நாளை இன்னொருவர் வந்து முதலில் இருந்ததே சரி என்று சொல்லக்கூடும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு வேளை வருவது இதற்குப் பிறகுதான். அங்கே எல்லாவற்றையும் போட வேண்டாம். இரண்டாம் தாரம், சுவீகாரம், வீட்டை விட்டுப் போனவர்கள், சாதி மாறிய திருமணம் ஆகியவற்றைச் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது; உயிருடன் இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆவண எண், சர்வே எண் எதுவும் குழுவில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கிளையை மட்டும் போட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் படத்தில் இருப்பவர் யாருடைய மகள்? பதில் சொன்னவரைத் தனியே அழைத்து, அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, ஓரக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.